ஒன்பதா, பதின்மூன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் குடும்ப வம்சாவளி எழுதுவது எப்படி என்று வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் சொன்ன வழியிலேயே நானும் இரண்டு வருஷம் நடந்து, கடைசியில் முட்டுச்சந்தில் நின்றவன் என்பதால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, வெட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் சொன்னது மேலே ஏறும் முறை. நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3, அப்பாவின் அப்பா 4. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தை, அதோடு ஒன்றைக் கூட்டினால் தாய். 1590இலேயே மிகாயேல் ஐட்சிங்கர் என்பவர் ஐரோப்பாவில் அச்சில் போட்ட முறை இது, கணக்குப் பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இதன்படி என் கொள்ளுத்தாத்தா 8, கொள்ளுப்பாட்டி 9. சரி. நிலத்தையும் மாட்டையும் தவிர வேறு எதுவும் தெரியாத அந்த இரண்டு பேருக்கும் பிறந்த பிள்ளைகள் பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றில் இந்த அட்டவணைக்குள் நுழைய இடம் கிடைப்பது ஒரே ஒருவருக்கு, என் தாத்தாவுக்கு, எண் 4. மீதிப் பன்னிரண்டு பேர் எங்கே போனார்கள் என்று அட்டவணை கேட்கவே கேட்காது.

நிறையப் பிள்ளை பெற்ற குடும்பத்தில் மேலே ஏறிப் பார்த்தால் ஒற்றைக் கயிறுதான் கையில் வரும். மேலே போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து கீழே இறங்க வேண்டும், பிறந்த ஒருவரையும் விடாமல். அந்தக் காலத்துப் பெரியவர்களைப் பற்றிய செய்தி நம் கிளையில்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே. கொள்ளுத்தாத்தாவின் ஒரே போட்டோ எங்கள் வீட்டில் இல்லை. அவருடைய மூன்றாவது மகளின் பேத்தி வீட்டில், ஒரு சாமி படத்துக்குப் பின்பக்கம் அட்டைக்கு அட்டையாக வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.

முதலில் எத்தனை பிள்ளைகள் என்பதே தகராறு. அப்பா ஒன்பது என்பார், ஒரு சித்தப்பா பத்து என்பார், இன்னொரு கிளையில் கேட்டால் 'எங்க தாத்தாவோட சேர்த்து எட்டு' என்று அடித்துச் சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் கண்ணால் பார்த்தவர்களை எண்ணிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். 1911இல் இங்கிலாந்தில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், கல்யாணமானவர்களிடம் பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டார்கள். அமெரிக்காவில் 1900, 1910 இரண்டு கணக்கெடுப்பிலும் தாய்மாரிடம் பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை என்று கேட்டார்கள். என் கொள்ளுப்பாட்டியிடம் யாராவது அப்படிப் பிரித்துக் கேட்டிருந்தால் எனக்கு நாலு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

(போகிற போக்கில் ஒன்று. அமெரிக்காவில் 72 வருஷம் கழிந்ததும் அந்தக் கணக்கெடுப்புத் தாள்களை எல்லாரும் பார்க்கலாம், 1950ஆம் ஆண்டுக்கானது 2022இல் வெளியே வந்தது. பிரிட்டனில் 100 வருஷம். இந்தியாவில் 1948ஆம் வருஷச் சட்டப்படி அந்தத் தாள்கள் யார் பார்வைக்கும் கிடையாது. அதனால் கணக்கெடுப்பை நம்பி உட்காராமல் வேறு கதவைத் தட்டுவது நல்லது.)

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். கொள்ளுத்தாத்தாவின் வரவுசெலவு நோட்டு ஒன்று கிடைத்தது. விதை, கூலி, கடன் என்று பக்கம் பக்கமாகப் போய், கடைசி அட்டையின் உள்பக்கம் மட்டும் பிள்ளைகளின் பெயரும் தேதியும் எழுதியிருந்தார், அதுவும் முதல் நாலு பேருக்குத்தான். நாலாவதுக்கு அப்புறம் அவருக்கே அலுத்துப்போயிருக்கும். அந்த நாலில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தது, இரண்டாவதாகவும் நாலாவதாகவும். நாங்கள் என்ன செய்தோம்? பெரியவர் தப்பாக இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி, நாலாவதை அடித்துவிட்டோம். ஆக, அந்தத் தாத்தா குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை, மூன்றாவதாகப் பிறந்த பாட்டிக்கு அண்ணன். இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

அப்புறம் ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அந்த மூன்றாவது பாட்டி அந்தத் தாத்தாவுக்கு யாரையோ விட்டு எழுதவைத்து அனுப்பியது, பாதி மை அழிந்திருந்தது, சமாச்சாரம் ஏதோ மாடு விற்றது பற்றி. ஆனால் முதல் வரி தெளிவாக இருந்தது: 'அன்புள்ள தம்பிக்கு'. தம்பி! நாங்கள் அண்ணன் என்று போட்டு வைத்திருக்கிறோம். திரும்ப நோட்டை எடுத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரிகிறது. இரண்டாவதாகப் பிறந்த பையன் சின்ன வயதிலேயே இறந்திருக்கிறான், மூன்றாவது பெண், நாலாவதாக மறுபடி பையன் பிறந்ததும் போன பிள்ளையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். செத்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பது உலகத்தில் பல இடங்களில் நடந்ததுதான், வம்சாவளி தேடுபவர்கள் இரண்டு ஆளை ஒரே ஆளாக்கிக் குழப்பிக்கொள்வதற்கு இதைப் போலச் சுலபமான வழி வேறு இல்லை. பெரியவர் தப்பாக எழுதவில்லை. நாங்கள்தான் ஒரு குழந்தையை இரண்டாம் தடவை சாகடித்திருக்கிறோம்.

பிரதர் என்று எழுதுகிற பாஷையாக இருந்தால் இது வெளியே வந்திருக்காது. நம் உறவுச்சொற்கள் வயசைக் காட்டிக்கொடுக்கும், அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள். இன்னொரு வகையில் அதே சொற்கள் காலையும் வாரும். 'அவர் எனக்குப் பெரியப்பா' என்று ஒருவர் சொன்னால் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணனாகவும் இருக்கலாம், அப்பாவின் சித்தப்பா மகனாகவும் இருக்கலாம், பெரியம்மாவின் வீட்டுக்காரராகவும் இருக்கலாம். கூடப்பிறந்தவரா ஒன்று விட்டவரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டே ஆக வேண்டும், கேட்டால் கோபம் வரும், 'நாங்க அப்படியெல்லாம் பிரிச்சுப் பார்த்ததில்ல' என்பார்கள். திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி கேளுங்கள்.

ஆறாவது பிள்ளை கிடைத்த விதம் வேறு. எங்கள் பட்டியலில் ஐந்தாவதுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நாலரை வருஷம் இடைவெளி இருந்தது, மற்றவர்களுக்குள் எல்லாம் இரண்டு வருஷம், மிஞ்சினால் இரண்டரை. தாய்ப்பால் கொடுக்கும் வரை அடுத்த கரு தங்குவது பொதுவாகத் தள்ளிப்போகும், அதனால் இப்படிப் பிள்ளை பெற்ற வீடுகளில் பிறப்புத் தேதிகள் ஏறக்குறைய ஒரு தாளத்தில் விழும். தாளம் தப்பினால் ஏதோ நடந்திருக்கிறது: ஒரு குழந்தை பதிவில் விட்டுப்போயிருக்கும், அல்லது தாய்க்கு உடம்பு முடியாமல் இருந்திருக்கும், அல்லது அப்பன்காரன் ஊரில் இல்லை.

என் பெரிய அத்தைக்கு எண்பத்தாறு வயது. எத்தனை பிள்ளை என்று அவரிடம் நேராகக் கேட்டபோதெல்லாம் ஒன்பது என்றுதான் சொன்னார். அந்தத் தடவை கேள்வியை மாற்றினேன். யாருக்கு நேர் இளையவர் யார், யாரை யார் இடுப்பில் தூக்கி வளர்த்தார்கள் என்று கேட்டேன். கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தார், ஐந்தாவது பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த கணுவில் விரலை வைத்தார், பெயர் வரவில்லை, அங்கேயே விரலை அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "அது தங்கல. பொண்ணு. பேரு வைக்கிறதுக்குள்ள போயிடுச்சுன்னு எங்க பாட்டி சொல்லும்" என்றார். சொல்லிவிட்டு, என்னைத் திட்டுவது போல, "அதையெல்லாமா எழுதுவ?" என்றார். எழுதினேன். அது வரைக்கும் அந்தப் பெண் குழந்தை இருந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அத்தையின் அந்த விரல்கணுதான்.

எட்டாவதை ஒரு பழைய பிறப்புப் பதிவேட்டில் பார்த்தோம், பெயர் இல்லாமல், அப்பா பெயருக்கு எதிரே ஆண் என்று மட்டும். பதிவேட்டைத் திறந்து காட்டவே எங்களைப் பல தடவை அலையவிட்டார்கள், அது தனிக் கதை, இங்கே வேண்டாம். அந்தப் பதிவுக்குப் பதின்மூன்றே மாதத்தில் அடுத்த குழந்தை பிறந்திருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் அடுத்தது பிறந்தால் முன்னது பால்குடிக்கும் வயதில் இறந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று யூகித்து, இறப்புப் பதிவேட்டில் அந்தப் பதின்மூன்று மாதத்தை மட்டும் தேடினோம், மூன்றாம் மாதத்திலேயே கிடைத்தது. பன்னிரண்டாவதும் இதே வழியில் கிடைத்தது, அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த இடத்தில் எண் விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். மேலிருந்து கீழே இறங்குவதற்கும் எண் முறைகள் இருக்கின்றன. ரெஜினால்ட் புக்கானன் ஹென்றி என்ற அமெரிக்கர் 1935இல், அந்த நாட்டு ஜனாதிபதிகளின் குடும்ப வரலாற்றை எழுதும்போது பயன்படுத்திய முறை ஒன்று. மூதாதை 1, அவருடைய முதல் பிள்ளை 11, இரண்டாவது 12, அந்த இரண்டாவதின் மூன்றாவது பிள்ளை 123. பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகள் ஒன்பதோடு நிற்கும் வரை. பத்தாவது பிறந்தால் எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்று எழுத வேண்டும், பதினொன்றாவதுக்கு ஏ, பன்னிரண்டாவதுக்கு பி. ஜனாதிபதி வீட்டுக்குச் சரி, எங்கள் வீட்டுக்கு ஆகாது. என் தாத்தா எட்டாவது பிள்ளை என்று நினைத்திருந்தபோது என் எண் 1842. நோட்டில் இருந்த பையன் கிடைத்ததும் 1942 ஆகி, ஏதோ என் பிறந்த வருஷம் மாதிரி, எனக்கே வயசாகிவிட்டது. அத்தையின் விரலில் இருந்த பெண் வந்ததும் 1எக்ஸ்42. எட்டாவது பையனும் வந்த பிறகு 1ஏ42, லாரி நம்பர் போல. அதனால் புள்ளி வைத்து எழுதும் பிரெஞ்சு முறைக்கு மாறிவிட்டோம், 1940இல் ஜாக் டபோவில் என்பவர் ஏற்படுத்தியது. அதில் நான் 1.11.4.2. கொள்ளுத்தாத்தாவின் பதினோராவது பிள்ளைக்கு நாலாவது பிள்ளையாகப் பிறந்தவரின் இரண்டாவது பிள்ளை. பத்து இருபது என்று எத்தனை பெற்றாலும் தாங்கும். ஆனால் இதிலும் ஒரு குழந்தை புதிதாகக் கிடைத்தால் அதற்குப் பின்னால் பிறந்தவர்கள் வம்சம் முழுக்க எண் மாறும். ஒவ்வொரு தடவையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கூச்சல். தேடுபவர்களுக்கு என் யோசனை: எல்லாப் பிள்ளைகளும் கிடைத்துவிட்டார்கள் என்று உறுதியாகும் வரை எண்ணே போடாதீர்கள், பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் என்றதும் ஞாபகம் வருகிறது. பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன், பரை என்று ஏழு தலைமுறைக்குப் பெயர் சொல்லி, பரனும் பரையும் சேர்ந்து பரம்பரை ஆயிற்று என்று முடியும் அந்தச் செய்தி எங்கள் குழுவுக்கு மாதம் ஒரு தடவை வருகிறது. பரம்பரை வடமொழியிலிருந்து வந்த சொல் ஐயா. தயவுசெய்து அனுப்பாதீர்கள், அந்த நேரத்தில் உங்கள் பாட்டனின் கூடப்பிறந்தவர்கள் பெயரை எழுதி அனுப்புங்கள்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். எங்களிடம் இருக்கும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஐந்து மகன்கள் வரிசையாக இருக்கிறார்கள், அதில் ஒருவர் முன்பே இறந்துவிட்டதால் அவருடைய மைனர் பிள்ளைகளும் கார்டியனாக அவர்கள் தாயாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் (அந்த ஒரு வரியில்தான் அந்தப் பெரிய பாட்டியின் பெயரே தெரிந்தது, பழைய பத்திரம் கிடைத்தால் வரி விடாமல் படியுங்கள்). நாலு மகள்கள் பற்றி ஒரு எழுத்து இல்லை. சொத்தில் பங்கில்லை, அதனால் பத்திரத்தில் பெயரில்லை. கன்ஃபூசியஸின் வம்சாவளி நூல் எண்பது தலைமுறைக்கு மேல் போகிறது, 2009இல் வந்த பதிப்பில் இருபது லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், அதில்கூடப் பெண் வாரிசுகளைச் சேர்த்தது அந்தப் பதிப்பில்தான் முதல் தடவை. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கழித்து! மகள்களைத் தேட அவர்கள் பிள்ளைகளின் பதிவில் தாய் பெயரைப் பாருங்கள், பழைய கல்யாணப் பத்திரிகைகளைப் பாருங்கள், தாய்மாமன் என்று யார் பெயர் வந்திருக்கிறது என்று பாருங்கள்.

குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் நம்மால் முடியாது என்று கைவிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரோடு மகன், மகள் என்று ஒட்டிக்கொள்வார்கள், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். அவர்கள் 1703லேயே நாடு முழுவதும் ஆள் பெயரோடு கணக்கெடுத்து வைத்தார்கள், இன்றைக்கு எந்த இரண்டு ஐஸ்லாந்துக்காரர்களும் தங்களுக்குள் என்ன உறவு என்று கணினியில் தட்டிப் பார்க்க முடிகிறது. ஆக, குறை பெயரில் இல்லை.

வயசைச் சொன்னபடி நம்பாதீர்கள். பதிவுகளில் 40, 45, 50, 60 என்று பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிகிற எண்ணாகவே வயது நிறைய வரும், இது எவ்வளவு தூரம் நடக்கிறது என்று அளப்பதற்கே விப்பிள் குறியீடு என்று மக்கள்தொகை ஆட்கள் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதே போல, கொள்ளுப்பாட்டிக்கு ஐம்பது வயதில் ஒரு பிள்ளை பிறந்ததாக உங்கள் பட்டியல் காட்டினால் இரண்டாம் தாரம் யாராவது இருந்தாரா, அல்லது அது மூத்த மகளின் பிள்ளையா என்று பாருங்கள். தாயும் மகளும் ஒரே சமயத்தில் பிள்ளை பெற்ற வீடுகள் அவை, எங்கள் வீட்டிலேயே அக்காள் மகனை விட இரண்டு வயது இளைய தாய்மாமன் ஒருவர் இருந்தார், சாகும் வரை அக்காள் மகனை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்.

மரபணுச் சோதனை பற்றி உங்கள் கட்டுரை பெரிதாகச் சொல்லியிருந்தது. என்னைப் போன்ற இரண்டு விட்ட சகோதரர்களுக்குள் பொதுவாக இருப்பது சராசரியாக நூற்றுக்கு மூன்று பங்குதான், எங்கள் பிள்ளைகள் தலைமுறைக்கு வந்தால் அது ஒன்றுக்கும் கீழே போய், பத்தில் ஒருவருக்கு ஒன்றுமே ஒத்துப்போகாமலும் இருக்கும். ஒத்துப்போகவில்லை என்று ஒரு கிளையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேண்டாத ரகசியமும் வெளியே வரும், அதற்குச் சம்மதமா என்று எல்லாரையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேலை பெரிது என்று மலைப்பாக இருக்கும், உண்மைதான். பிழைத்த ஒன்பது பேருக்குத் தலைக்கு ஐந்து பிள்ளை என்றால் 45, அவர்களுக்கு மூன்று என்றால் 135, அவர்களுக்கு இரண்டு என்றால் 270, ஆக நாலே தலைமுறையில் 459 பேர். எங்களுக்கு இதுவரை 312 பெயர் கிடைத்திருக்கிறது. கிளைக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினோம், நான் தனியாக உட்கார்ந்திருந்தால் ஐம்பதோடு நின்றிருக்கும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், உண்மையில் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்கள் பத்திரிகையில் இத்தனை வருஷமாக வந்த இறப்பு அறிவிப்புகளிலும் நினைவஞ்சலிகளிலும் மகன், மகள், மருமகன், பேரன் என்று அவரவர் குடும்பம் முழுவதும் இருக்கிறது, இறந்த தேதியோடு. எங்கள் ஏழாவது தாத்தாவின் இரண்டு மகள்கள் எங்கே வாக்கப்பட்டார்கள் என்பதே, ஒரு வீட்டில் அலமாரியில் விரித்திருந்த பழைய பேப்பரில் வந்த அப்படி ஒரு அறிவிப்பிலிருந்துதான் தெரிந்தது. பழைய இதழ்களின் அந்தப் பக்கங்களை மட்டுமாவது படமெடுத்து, பெயர் போட்டுத் தேடும்படி வைக்க முடியுமா? காசு வாங்கிக்கொண்டாலும் சரி. இனிமேல் அப்படி அறிவிப்புக் கொடுப்பவர்களிடம், மகள்கள் பெயரையும் எழுதிக்கொடுங்கள் என்று உங்கள் விளம்பரப் பிரிவினர் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும், 'மற்றும் மகள்கள்' என்று முடித்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
1.11.4.2 (இப்போதைக்கு)